பெட்டி கிடைக்கிறது, மேப் போட ஆளில்லை

எட்டு மாதமாக என் கார் பட்டறை நடுவே நான்கு ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. சேசிஸ் முடிந்துவிட்டது, ஒரு இன்ச் சதுரக் குழாயை அறுத்து, கோணம் பார்த்து, நானே பற்றவைத்தது. பிரேக் லைன் இழுத்தாயிற்று. என்ஜினும் கியர்பாக்ஸும் உட்கார்ந்துவிட்டன. பெட்ரோல் டேங்க், ரேடியேட்டர், சைலன்சர் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. பாக்கி ஒன்றே ஒன்றுதான். இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும் ஓர் அலுமினியப் பெட்டி, என்ஜினுக்கான கம்ப்யூட்டர். எதை வாங்குவது என்று கேட்டுக் கேட்டே எட்டு மாதம் கழிந்துவிட்டது.

கார் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். 1957-இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் என்ற சின்ன வண்டியின் அமைப்பு. கதவு கிடையாது, கூரை கிடையாது, இரண்டு பேர் உட்காரலாம். அதைப் பார்த்து வீட்டிலேயே கட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு அது எட்டாத காரியம் அல்ல. என்ஜின், மாருதி ஜிப்ஸியின் 1298 சிசி பதினாறு வால்வு. ஜிப்ஸியில் என்ஜின் நீளவாக்கில் உட்காரும். கியர்பாக்ஸ் தனி, டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி. டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றிப் போட்டுவிட்டால் கியர்பாக்ஸிலிருந்து நேரே பின் ஆக்சிலுக்கு ஷாஃப்ட் விட்டுக்கொள்ளலாம். கம்பெனிக் கணக்கில் 80 குதிரைத்திறன். 600 கிலோவுக்குள் நிற்கும் வண்டிக்கு அதுவே தாராளம். ஆனாலும் இன்னும் ஒரு இருபது வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இது ரோட்டில் ஓட்டுவதற்கான வண்டியும் அல்ல. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைச் சாலையில் அனுமதிக்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. டிரெய்லரில் ஏற்றி, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய், நாலு ரவுண்டு ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவதற்கு. அவ்வளவுதான் என் ஆசை.

அந்த இருபது குதிரைக்காகச் சென்னை புதுப்பேட்டையில் ஜப்பானிய சூப்பர்பைக் ஒன்றிலிருந்து கழற்றிய நான்கு த்ராட்டில் பாடி வாங்கிவந்தேன், சிலிண்டருக்கு ஒன்று. அவற்றை ஹெட்டில் மாட்டும் ஃபிளேஞ்சை நானே மில்லிங்கில் எடுத்தேன். அத்தோடு கம்பெனி கம்ப்யூட்டருக்கு வேலை போயிற்று. இன்டேக் மேனிஃபோல்டில் எவ்வளவு வெற்றிடம் என்று ஒரு சென்சாரால் பார்த்து, என்ஜின் சுற்றும் வேகத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் அது பெட்ரோல் விடும். சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் வைத்தால், நான்குக்கும் பொதுவான அந்த மேனிஃபோல்டே இல்லை. வாய் கொஞ்சம் திறந்ததுமே வெற்றிடம் போய்விடும். பிறகு கால்வாசி மிதித்தாலும் முழுக்க மிதித்தாலும் சென்சார் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். த்ராட்டில் எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிற பெட்டி வேண்டும். அதை ஆல்ஃபா-என் என்பார்கள். தனியாக நின்று என்ஜினை முழுக்கத் தானே நடத்துகிற பெட்டிக்கு ஸ்டாண்டலோன் என்று பெயர்.

எது வாங்கலாம் என்று கேட்க ஆரம்பித்தேன்.

ஒருவர், "ஹால்டெக் வாங்கிருங்ணா, ஆஸ்திரேலியாக்காரன், 1986-ல இருந்து பண்றான்" என்றார். இன்னொருவர் மெல்போர்னின் மோடெக்கைத் தவிர வேறு எதையும் பெட்டி என்றே ஒத்துக்கொள்ளவில்லை. நியூசிலாந்தின் லிங்க், போலந்தின் இகியூமாஸ்டர் என்று ஆளுக்கொரு பெயர். கல்லூரிப் பையன்கள் ஆர்டுவினோ மெகா பலகையில் ஓடும் ஸ்பீடுயினோவைச் சொன்னார்கள். அமெரிக்காவின் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ இருவரும் வீட்டில் கார் கட்டுகிறவர்களுக்காகவே உருவாக்கிய மெகாஸ்கர்ட்டை இன்னும் சிலர் சொன்னார்கள். எல்லாமே நல்ல பெட்டிகள். யார் சொன்னதும் பொய்யில்லை. என் மனசு வெந்தது எதற்கென்றால், அத்தனை பேரில் ஒருவர்கூட என் என்ஜினைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருக்கின்றன. கிராங்கில் என்ன வீல் மாட்டியிருக்கிறாய்? நான் குறிச்சியில் லேசர் கட்டிங் கொடுத்து 36-1 வீல் செய்து புல்லியில் மாட்டியிருக்கிறேன். பத்து டிகிரிக்கு ஒரு பல் வீதம் 36 இடம், அதில் ஒரு பல் கிடையாது. அந்தக் காலி இடம் கடக்கும்போதுதான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குத் தெரியும். அந்தப் பல்லைப் படிக்கிற சென்சார் காந்தச் சுருள் வகையா, ஹால் வகையா? காந்தச் சுருள் என்றால் அதன் மின்சாரம் அலையாக வரும், வேகம் கூடக்கூடப் பெரிதாகும். இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி இடத்தைத் தப்பாகப் படித்து, வேகம் ஏற ஏற பொறி விடும் டைமிங் நகர்ந்துகொண்டே போகும். ஹால் என்றால் மின்சாரம் கொடுக்க வேண்டும், பதிலுக்குச் சதுர அலை தரும். எல்லாப் பெட்டியும் இரண்டையும் அப்படியே ஏற்காது. சிலவற்றில் பலகைக்குள்ளே ஜம்பர் மாற்ற வேண்டும், சிலவற்றுக்குத் தனியாக ஒரு சின்னப் பலகை வாங்கிச் சேர்க்க வேண்டும். பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் முதல் படியே இதுதான். இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

இன்ஜெக்டரைக் கேட்டிருக்க வேண்டும். அதன் மின்தடை 12 ஓமுக்கு மேல் இருந்தால் எந்தப் பெட்டியும் ஓட்டும். இரண்டு மூன்று ஓம் என்றால் அதற்குத் தனி டிரைவர் வேண்டும், இல்லையென்றால் பெட்டி சுட்டுப்போகும். எவ்வளவு பெரிய இன்ஜெக்டர் என்பதும் கணக்குத்தான். நூறு குதிரைக்கு, நான்கு சிலிண்டருக்கு, எண்பது சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்காமல் பார்த்துக்கொண்டால், நிமிடத்துக்கு 165 சிசி விடுகிற இன்ஜெக்டர் போதும். எனக்கு 550 சிசி ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். "நாளைக்கு டர்போ போட்டா வேணுமில்லீங்களா?" என்றார் கடைக்காரர். நாளைக்கு டர்போ போடுவதாக நான் சொல்லவே இல்லை. அவ்வளவு பெரிய இன்ஜெக்டரைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் திறந்து மூடினால்தான் ஐடிலிங்கில் அளவாக பெட்ரோல் விழும். அந்த நொடித்துகளில் பாதி, ஊசி எழும்புவதற்கே போய்விடும். பேட்டரி வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் அதுவும் மாறும். பிறகு ஐடில் நிற்கவில்லை என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

மூன்றாம் மாதம் பொறுமை போய், ஸ்பீடுயினோ வகைப் பலகை ஒன்றைத் தயார் நிலையில் விற்கிற ஒருவரிடம் வாங்கினேன். "பிளக் அண்ட் பிளேங்க, மாட்டுங்க, ஓடும்" என்றார். மாட்டினேன். சாவி போட்டு ஐந்து நிமிடத்தில் இக்னிஷன் காயில் கொதித்து, உள்ளே நிரப்பியிருந்த தார் உருகி வழிந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. காயிலுக்கு மின்சாரம் எப்போது ஏற வேண்டும், எப்போது அறுபட வேண்டும் என்பதை மென்பொருளில் ஒரு வரி முடிவு செய்கிறது. அந்த வரி தலைகீழாக இருந்தால், மூன்று மில்லி செகண்டு மின்சாரம் ஏற வேண்டிய காயிலில், என்ஜின் சும்மா நிற்கும்போதுகூட மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அது என் காயிலுக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவி போடு என்று அவர் ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். காயில் போனதற்காக நான் வருத்தப்படவில்லை. அதன் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளிநாட்டுப் பெட்டி வாங்கிய நண்பர் ஒருவரின் கதை இதைவிட மோசம். பெட்டி நன்றாகவே இருந்தது. வேறொரு ஊரிலிருந்து டியூனர் ஒருவரை வரவழைத்து, தங்க வைத்து, இரண்டு நாள் கூலி கொடுத்து மேப் போட்டார். வண்டி பறந்தது. ஆறு மாதம் கழித்து ஃபியூல் பம்ப் மாற்றினார். அழுத்தம் மாறியதால் மேப்பைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருந்தது. லேப்டாப்பை மாட்டினால் கடவுச்சொல் கேட்கிறது. டியூனர் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். கேட்டால், "அது என் உழைப்புங்க, திறந்து தர முடியாது, கொண்டுவாங்க, நானே பண்ணித் தரேன்" என்று பதில். அவர் உழைப்பு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் கூலி கொடுத்துத் தைத்த சட்டையின் அளவை உடுத்துகிறவனுக்கே சொல்ல மாட்டேன் என்றால் எப்படி? பெட்டி என் நண்பருடையது, என்ஜின் அவருடையது, பெட்ரோல் அவர் காசு. உள்ளே இருக்கும் எண்கள் மட்டும் வேறொருவருடையவை.

அந்த எண்கள்தான் எல்லாமே. மேப் என்பது ஒரு கட்டம் போட்ட தாள். குறுக்கே என்ஜின் வேகம் பதினாறு படி, நெடுக்கே த்ராட்டில் திறப்பு பதினாறு படி. 256 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நிலைமைக்கு எவ்வளவு பெட்ரோல் என்று ஓர் எண். பிளக் எத்தனை டிகிரி முன்னால் பொறி விட வேண்டும் என்பதற்கு இன்னொரு 256. குளிர்ந்த என்ஜினுக்கு, சட்டென்று மிதிப்பதற்கு, சூடான காற்றுக்கு என்று இதன்மேல் திருத்தங்கள். மூன்று லட்ச ரூபாய்ப் பெட்டியிலும் இந்தக் கட்டங்கள் காலியாகவோ, ஏதோ ஓர் என்ஜினுக்கு உரிய எண்களோடோதான் வரும். நிரப்புவது மனிதன். சைலன்சர் குழாயில் பெட்ரோல்-காற்று விகிதம் காட்டும் வைட்பேண்ட் லாம்டா சென்சாரை மாட்டி, திறன் அளக்கும் டைனோவில் ஒவ்வொரு கட்டமாக நிறுத்தி, நாக்கிங், அதாவது என்ஜின் தட்டும் சத்தம், வருகிறதா என்று காதைக் கொடுத்து நிரப்புகிறவன். பெட்ரோல் அதிகமானால் குதிரை குறையும். குறைந்தாலோ, பொறி முந்திவிட்டாலோ பிஸ்டன் ஓட்டையாகும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது மேப் அனுப்பினாலும் அதை அப்படியே ஏற்ற முடியாது. ஆஸ்திரேலியாவில் 98 ஆக்டேன் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கிறது. அதற்குப் போட்ட டைமிங்கை நம் சாதாரண பெட்ரோலில் ஓட்டினால் தட்ட ஆரம்பித்துவிடும். இப்போது எத்தனால் வேறு. சுத்த பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றுதான் பழைய புத்தகம் எல்லாவற்றிலும் இருக்கும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது சுமார் 13.5. அதாவது, அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். கம்பெனி வண்டியின் கம்ப்யூட்டர் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். முழுக்க மிதித்து ஓட்டுகிற ரேஸ் வண்டியில், நாம் எழுதிய எண்ணைத்தான் பெட்டி நம்பும். எத்தனால் எவ்வளவு என்று அளந்து தானே திருத்திக்கொள்ள ஃப்ளெக்ஸ் ஃபியூல் சென்சார் ஒன்று உண்டு. அதற்கான நுழைவு இருக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்கு என்று இந்தக் காலத்தில் இந்தியாவில் கார் கட்டுகிறவனுக்கு முதலில் சொல்ல வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானேதான் தேடித் தெரிந்துகொண்டேன்.

கார்புரேட்டர் காலத்து ஆட்கள் இப்படி இல்லை. நான் பையனாக இருந்தபோது எங்கள் தெருப் பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். யார் வந்து கேட்டாலும் மெயின் ஜெட் நம்பர், ஏர் ஜெட் நம்பர், பிளக் இடைவெளி எல்லாவற்றையும் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவார். "போட்டுப் பார் தம்பி, பிளக் கழட்டிக் கொண்டா, நிறத்தப் பாக்கலாம்" என்பார். அதனால் அவர் தொழில் கெட்டுவிடவில்லை. அட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லாம் வேறு வேலைக்கு அவரிடமே திரும்பி வந்தார்கள்.

இதில் இன்னொன்றும் உறுத்துகிறது. ஃபார்முலா ஒன்னில் 2008 முதல் எல்லா அணிகளும் ஒரே நிறுவனம் செய்த ஒரே மாதிரிக் கம்ப்யூட்டரைத்தான் மாட்டுகின்றன. எந்தப் பெட்டி என்ற கேள்வியே அவர்களுக்கு இல்லை. ஒரே பெட்டியை வைத்துக்கொண்டுதான் ஒருவர் முதலாவதாகவும் ஒருவர் கடைசியாகவும் வருகிறார். அப்படியிருக்க, என்னிடம் மட்டும் ஏன் எல்லாரும் பெட்டியின் பெயரையே சொல்கிறார்கள்?

அதுவும் எந்த ஊரில்? எண்பதுகளின் இறுதியில் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார் கட்டிய கரிவரதனின் ஊர் இது. செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான். நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்க்காரர். எல்ஜிபி ஃபார்முலா 4 கார்கள் மாருதியின் 1300 சிசி என்ஜினோடுதான் அந்த டிராக்கில் வருடக்கணக்காக ஓடுகின்றன, என் ஜிப்ஸி என்ஜினுக்கு ஒட்டிய உறவு. இந்த என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டத் தெரிந்த கை இங்கே எத்தனையோ. ஆனால் இதற்கான 512 எண்களை ஓரிடத்தில் தேடினால் கிடைக்காது.

ஃபார்முலா பாரத் போட்டிக்கு வருடா வருடம் நாடெங்குமிருந்து கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு கரி டிராக்குக்கு வருகிறார்கள். போய்ப் பார்த்தேன். பைக் என்ஜின் வைத்த ஒரு காரின் பக்கத்தில், மண்டியிட்டு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பையனிடம் என் கேள்வியைக் கேட்டேன். அவன்தான் எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் திருப்பிக் கேள்வி கேட்டவன். "த்ராட்டில் எத்தனைங்ணா? கிராங்க் சென்சார் என்ன மாடல்? யார் டியூன் பண்ணப் போறாங்க?" கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "அப்ப அத மொதல்ல முடிவு பண்ணுங்க. பெட்டி அதுக்கப்புறம்" என்றான். பிறகு அவர்கள் காரின் ஓட்டப் பதிவு முழுவதையும் லேப்டாப்பில் திறந்து காட்டினான். ஏழாயிரம் சுற்றுக்கு மேல் சிக்னலில் இரைச்சல் வந்து பெட்டி பல் எண்ணிக்கையைத் தவறவிட்டது, சென்சார் ஒயருக்கு ஷீல்டு போட்டு அதன் ஒரு முனையை மட்டும் எர்த் செய்தபின் சரியானது என்று அரை மணி நேரம் விளக்கினான். அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு செமஸ்டர் ஆகியிருக்கிறது.

"இதையெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டேன். இல்லை என்றான். போன வருட அணியும் எழுதி வைக்கவில்லையாம். இதே இரைச்சலில் அவர்களும் மாட்டியிருந்தது இவர்களுக்குப் பிறகுதான் தெரிந்ததாம். இவன் ஏப்ரலில் படிப்பை முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான். அடுத்த அணி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வீடு வந்து அலமாரியில் கிடந்த அந்தப் பழைய பலகையை எடுத்துத் தூசி தட்டினேன். புதுக் காயில் வாங்கியாயிற்று. தலைகீழ் வரியைத் திருத்தி, டைமிங் லைட்டைப் பிடித்து, மென்பொருள் சொல்கிற பத்து டிகிரியும் புல்லியில் தெரிகிற பத்து டிகிரியும் ஒன்றுதானா என்று சரிபார்த்தேன். ஒன்றுதான். விலை உயர்ந்த பெட்டி எதுவும் வாங்கப்போவதில்லை. இதன் ஒவ்வொரு கட்டமும் எனக்குத் திறந்திருக்கிறது, பூட்டு இல்லை, கெட்டுப்போனால் ஊரிலேயே சால்டர் பிடித்துச் சரிசெய்ய ஆள் இருக்கிறது. டியூன் செய்யப்போவது நான்தான் என்று ஆனபிறகு, நான் கற்றுக்கொள்ளக்கூடிய பெட்டிதான் எனக்கு நல்ல பெட்டி. இந்த முடிவுக்கு முதல் வாரத்திலேயே வந்திருக்க முடியும்.

மாருதி 1300 பதினாறு வால்வு என்ஜினுக்கு மேப் போட்டவர்கள் தமிழ்நாட்டில் நிச்சயம் இருக்கிறீர்கள். ரேஸுக்கோ, ரேலிக்கோ, கல்லூரி ப்ராஜெக்டுக்கோ போட்டிருப்பீர்கள். அந்தக் கோப்பைப் பூட்டி வைக்காதீர்கள். எந்த இன்ஜெக்டர், எந்த சென்சார், காலிப் பல்லிலிருந்து பிஸ்டனின் மேல்முனைக்கு எத்தனை டிகிரி, எந்த பெட்ரோலில் எத்தனை டிகிரிக்கு மேல் தட்டியது என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். என் கார் செட்டிபாளையத்தில் பத்து ரவுண்டு நிற்காமல் ஓடிய அன்று, என் 512 எண்களையும் அப்படியே எழுதி என் பட்டறைக் கதவில் ஒட்டிவைக்கிறேன். வேண்டியவர்கள் படம் பிடித்துக்கொள்ளலாம்.